கேட்காமல் எடுத்த படம்

ஐம்பத்துநாலு வயது வரை யாருடைய கண்ணிலும் படாமல் வாழ்ந்து பழகிய மனிதர் சிவபாலன். வெள்ளவத்தையில் வீடு, கொட்டாஞ்சேனையில் வேலை. துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் கிளார்க். காலையில் நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில் போவார், மாலையில் அதே பஸ்ஸில் திரும்புவார். மனைவி கனகேஸ்வரி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவர். ஒரே மகள் சாருஜா வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் போகும்போது அப்பாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் போனோடு வந்ததுதான் படமெடுக்கும் பைத்தியம்.

அந்த ஆசை புதியதல்ல. இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த நாளிலிருந்தே இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் கொழும்புத் தெருவில் கமராவைத் தூக்கும் தமிழ்ப் பெடியன் அன்றிரவு வீட்டில் படுப்பானா என்பது நிச்சயமில்லை. அடையாள அட்டையைக் கேட்டவுடன் நீட்டுவதற்குத் தோதாக மேல் பையில் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்து நடந்து பழகியவர். சண்டை முடிந்து எத்தனையோ வருடம் கழித்து, போனை உயர்த்தி முதன்முதலாக ஒரு படம் எடுத்தபோது ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சுகத்தை அவரால் மறக்க முடியவில்லை.

பஸ் யன்னலுக்குள்ளால் எடுத்தார். தரிப்பிடத்தில் நின்று எடுத்தார். தன் கடைக் கதிரையிலேயே வாயைத் திறந்தபடி உறங்கும் சலூன்காரர், பேலியகொடையிலிருந்து மீன் கொண்டுவந்தவரோடு நடுத்தெருவில் மல்லுக்கட்டும் பெண், த்ரீவீலரின் பின்சீட்டில் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி போகும் மாப்பிள்ளை. மகள் பேஸ்புக்கில் ‘155 பயணங்கள்’ என்று ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். முந்நூறு பேர் பார்த்தார்கள், பிறகு மூவாயிரம் ஆயிற்று.

கனகேஸ்வரிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, இந்தச் சனத்திட்ட ஒரு வார்த்தை கேக்கிறனீங்களோ?"

"கேட்டா முகம் மாறிடுமப்பா. சீப்பெடுத்துத் தலையை இழுப்பினம், சட்டையைச் சரிப்பண்ணுவினம். கேக்காம எடுத்தாத்தான் அது படம்."

"ஆரும் என்னை இப்பிடி எடுத்துப் போட்டா நான் செருப்பைக் கழட்டுவன்."

அவர் சிரித்துவிட்டுப் போனை நோண்டத் தொடங்குவார்.

யதுஷா என்று அவர் பிறகு அறிந்த பெண்ணின் படம் விழுந்தது ஐப்பசி மழையில். வேலை முடிந்து சிவபாலன் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். திடீரென்று வானம் கொட்டியது. எல்லோரும் கடைத் தாழ்வாரங்களுக்கு ஓட, ஒரு இளம் பெண் மட்டும் ஓடவில்லை. கையில் அப்போதுதான் வாங்கிய நீலப் பிளாஸ்டிக் பேசின். விலைத் தாள்கூடக் கிழிக்கவில்லை. அதைத் தலையில் கவிழ்த்தாள். பக்கத்தில் நின்ற சின்னப் பெண்பிள்ளையைத் தன்னோடு அணைத்து அதற்குள் இழுத்தாள். பேசினில் மழை தடதடவென்று அடிக்க, தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்து வெடித்துச் சிரித்தார்கள். சிவபாலன் ஒரேயொரு தரம்தான் அழுத்தினார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, இப்படியொரு படத்தை இனித் தன் ஆயுளில் எடுக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

படத்தைப் போட்டுவிட்டுப் படுத்தார். காலையில் போன் சூடேறிக் கிடந்தது. ஒரு கிழமைக்குள் இலட்சக்கணக்கில் பார்த்துவிட்டார்கள். தமிழ்ப் பக்கங்கள், சிங்களப் பக்கங்கள், கனடா, லண்டன் என்று எங்கும் பகிர்ந்தார்கள். அலுவலகத்தில் முதலாளி தேநீர் வாங்கிக் கொடுத்தார். சாருஜா அழைத்து, "அப்பா, நீங்கள் பேமஸ்!" என்று கத்தினாள். கனகேஸ்வரிகூட போனை வாங்கி அந்தப் படத்தை இரண்டு தரம் பார்த்தார்.

அடுத்த கிழமை ஒரு தகவல் வந்தது.

‘வணக்கம் ஐயா. நான் ஜனா, வவுனியா. படத்தில் இருப்பது என்ர தங்கச்சி யதுஷாவும் மருமகளும். வீட்டில் ஒரு சின்னக் கோபத்தில் வெளிக்கிட்டுப் போனவள். இரண்டு வருசமாத் தொடர்பில்லை. அம்மா படுத்த படுக்கையாக் கிடக்கிறா. கண்ணை மூட முதல் பிள்ளையை ஒருக்காக் காட்டுங்கோ எண்டு அழுகிறா. எந்த இடம் எண்டு மட்டும் சொன்னால் கோடி புண்ணியம்.’

கூடவே இரண்டு படங்கள். ஒன்றில் கட்டிலில் கிடக்கும் வயதான பெண். மற்றதில் யதுஷா, கொஞ்சம் மெலிவாக, கைக்குழந்தையோடு. அதே முகம்தான், சந்தேகமேயில்லை.

சிவபாலனுக்குக் கண் கலங்கியது. கொட்டாஞ்சேனை என்று உடனே எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிள்ளையின் கையில் ஒரு பேக்கரியின் கடதாசிப் பை தெரிந்தது. அலுவலகத்திலிருந்து நாலு கடை தள்ளியிருக்கும் பேக்கரி அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனார். காசு வாங்கும் இடத்தில் பஸ்லா என்ற பெண் இருந்தாள். படத்தைக் காட்டினார்.

"அட, பேசின் படம்! நீங்களா எடுத்த? இது எங்கட யதுஷாதானே. பின்னால சாமான் பெக் பண்ற எடத்துல நிக்கிறா. கூப்பிடவா சேர்?"

"வேண்டாம், வேண்டாம். சும்மா கேட்டனான். எத்தினை மணிக்கு வேலை முடியும்?"

"அஞ்சுக்குப் போயிடுவா. மகளையும் கூட்டிக்கிட்டுத்தான் போவா."

யதுஷா பத்தடி தூரத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவளிடம் சொல்லவேண்டாம் என்று ஜனா கேட்டிருந்தான். ரோசக்காரி, தெரிந்தால் வேறெங்காவது போய்விடுவாள், அம்மாவின் நிலையைத் தானே நேரில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தான். அது சிவபாலனுக்கு நியாயமாகவே பட்டது. அதோடு அவர் மனதில் வேறொன்றும் ஓடியது. இரண்டு வருடம் கழித்து அண்ணனைக் காணும் தங்கச்சியின் முகம்! முன்கூட்டிச் சொன்னால் அந்த முகம் கிடைக்காது. பேக்கரியையும் ஐந்து மணியையும் எழுதியனுப்பினார். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றான் ஜனா. வா, நானும் அங்கே நிற்பேன் என்று எழுதினார் சிவபாலன். கனகேஸ்வரியிடம் மூச்சுவிடவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்தபிறகு படத்தோடு சேர்த்துச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முன்பே பேக்கரிக்கு எதிர்ப்புறம், இரும்புச் சாமான் கடை வாசலில் போனோடு நின்றார். ‘வந்திட்டன் ஐயா’ என்று தகவல் வந்தது. மோட்டார் சைக்கிள் ஒன்று பேக்கரி வாசலில் நின்றது. இஸ்திரி போட்ட சட்டை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். எஞ்சினை நிறுத்தவில்லை. சிவபாலன் அதைக் கவனித்தார், ஆனால் யோசிக்கவில்லை.

யதுஷா மகளின் கையைப் பிடித்தபடி படியிறங்கினாள். நிமிர்ந்தாள். அவனைக் கண்டாள்.

திரையில் அவளுடைய கண்கள் விரிந்தன. வாய் திறந்தது. இதுதான், இதுதான் என்று சிவபாலனின் நெஞ்சு அடித்தது. அழுத்தினார். அடுத்த நொடி அவள் மகளைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். அழுத்தினார். அண்ணனைக் கண்ட ஒருத்தி பிள்ளையை ஏன் ஒளிக்கிறாள் என்று அவருடைய விரலுக்குத் தெரியவில்லை. அது தன்பாட்டில் அழுத்திக்கொண்டேயிருந்தது. அவன் கை உயர்ந்தது. ஹெல்மெட் சுழன்று வந்து அவளுடைய தலையில் இறங்கியது.

அந்தச் சத்தம் தெருவைத் தாண்டி வந்து காதில் விழுந்தபிறகுதான், திரைக்குள் தெரிவது தனக்கு முன்னால் நடந்துகொண்டிருக்கும் விஷயம் என்று அவருக்கு உறைத்தது.

இரண்டாவது அடி தோளில் விழுந்தது. யதுஷா படியில் சரிந்தாள். பிள்ளை வீரிட்டது. அவன் பிள்ளையை இடுப்பில் பிடித்துத் தூக்கி மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் இருத்திவிட்டு ஏறினான். சிவபாலன் ஓடினார். ஒரு பஸ் பிரேக் அடித்துக் கிறீச்சிட்டது. கொண்டக்டர் சிங்களத்தில் தூஷணத்தால் ஏசினான். ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. போய் விழுந்த வேகத்தில் மோட்டார் சைக்கிளின் திறப்பைச் சாவிக்கொத்தோடு பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டார். எஞ்சின் நின்றது.

அவன் அவரைப் பார்த்தான். பேஸ்புக்கில் கண்ட முகம் என்று தெரிந்ததும் அவனுடைய முகம் மலர்ந்தது. அந்தச் சிரிப்பை சிவபாலன் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கனவில் கண்டார்.

"ஐயா, நீங்களா? நீங்கள் செய்த உதவியை நான் மறக்கமாட்டன். இவள் என்ர பெண்சாதி. இது எங்கட குடும்ப விசயம். திறப்பைத் தாங்கோ ஐயா."

அவ்வளவு மரியாதையாகக் கேட்டான். ‘ஐயா’ என்றான், ‘தாங்கோ’ என்றான். ஹெல்மெட்டின் விளிம்பில் இரத்தம் இருந்தது.

"தரமாட்டன்" என்றார் சிவபாலன். அவன் காலால் உதைத்தான். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். பொத்திய கையைத் திறக்கவில்லை. அதற்குள் பேக்கரி முதலாளி பாயிஸும், மாக் கையோடு நாலைந்து பேரும் ஓடிவந்து அவனை வளைத்துக்கொண்டார்கள். பஸ்லா பிள்ளையைப் பிடுங்கி எடுத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் யதுஷாவின் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். தோள் எலும்பு உடைந்திருந்தது. வெளியே மர வாங்கில் சிவபாலன் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பாயிஸ்.

"அந்தப் புள்ள வேலைக்கி வந்த அன்டைக்கே எனக்கிட்ட சொல்லிச்சு" என்றார் பாயிஸ். "பாயிஸ் நானா, என்னத் தேடி யாராச்சும் வந்தா இல்லண்டு சொல்லுங்க, என்ட புருஷன் என்னக் கொன்னு போடுவான் எண்டு. நான்தான் கடையில மத்தாக்களுக்குச் சொல்லாம வுட்டுட்டன். அதுக்கு வெக்கமா ஈக்குமேண்டு நெனச்சன். இந்த ஹராங்குட்டிக்கு யாரு காட்டிக் கொடுத்தானோ தெரியல்ல."

சிவபாலன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

பெண் பொலிஸ் ஒருவர் வந்தார். சிவபாலனின் போனைக் காட்டி, "பொட்டோ கத்தே ஒயாத?" என்று கேட்டார். படம் எடுத்தது நீங்களா என்ற கேள்வி. "ஒவ்" என்று போனைத் திறந்து கொடுத்தார். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஹெல்மெட்டை ஓங்கியது, அடித்தது, சரிந்தது, பிள்ளையைத் தூக்கியது. மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகடுகூடத் தெளிவாக விழுந்திருந்தது. நல்ல சாட்சி என்று பொலிஸ்காரி தலையாட்டினார். பிறகு இயல்பாக அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"எயா தெனகத்தே கொஹொமத?" அவள் இருக்கும் இடம் அவனுக்கு எப்படித் தெரிந்தது?

"மம தமய் கிவ்வே" என்றார் சிவபாலன். நான்தான் சொன்னேன். தமிழில் சொல்ல வராதது சிங்களத்தில் வந்துவிட்டது. பாயிஸ் வாங்கிலிருந்து மெல்ல எழுந்து தள்ளி நின்றார்.

யதுஷாவிடம் அவரே போய்ச் சொன்னார். யாரும் போகச் சொல்லவில்லை. அவள் கட்டுப்போட்ட நெற்றியோடு சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் பிள்ளை மிதுரா உறங்கிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, நான் உங்கட படத்தைப் பேஸ்புக்கில போட்டனான். அதைப் பாத்துத்தான் அவர்..."

"எந்தப் படம்?" என்றாள் யதுஷா.

சிவபாலன் திகைத்துப்போனார். உலகம் முழுவதும் பார்த்த படம் அது. அவளிடம் பட்டன் போன்தான் இருந்தது. புருஷன் தேடுவான் என்ற பயத்தில் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் விட்டவள். அவள் பார்த்திருப்பாள் என்று நினைத்தோ என்னவோ, பேக்கரியில் யாரும் அவளுக்குக் காட்டவுமில்லை. அவர் போனை நீட்டினார். அவள் நல்ல கையால் வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"நானா இது?"

"ஓம்."

"எத்தினை பேர் பாத்தவை?"

எண்ணிக்கை படத்துக்குக் கீழேயே இருந்தது. அவள் அதை வாசித்தாள்.

"இவ்வளவு பேருக்குக் காட்டினனீங்கள். எனக்கு ஒருக்காக் காட்டியிருக்கலாமே அங்கிள். காட்டியிருந்தா, இதைப் போடவேண்டாம், என்னை ஒருத்தன் தேடுறான் எண்டு காலில விழுந்திருப்பன்."

சத்தமில்லாமல்தான் சொன்னாள், பிள்ளை எழும்பிவிடும் என்பதற்காக.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டபிறகு கனகேஸ்வரி ஏசவில்லை. சிவபாலன் அதைத்தான் எதிர்பார்த்து இருந்தார். கனகேஸ்வரி எழுந்து போய்க் குசினிக்குள் நின்று அழுதார். பிறகு வந்து, "முதல்ல அந்தப் படத்தைப் பேஸ்புக்கில இருந்து எடுங்கோ" என்றார்.

எடுத்தார். ‘155 பயணங்கள்’ முழுவதையும் அழித்தார். ஆனால் படம் அவரிடம் மட்டுமா இருந்தது? பகிர்ந்த பக்கங்களுக்கு ஒவ்வொன்றாக எழுதினார். சிலர் எடுத்தார்கள். பலர் பதிலே போடவில்லை. ‘எவ்வளவு அழகான படம், ஏன் ஐயா எடுக்கச் சொல்கிறீர்கள்’ என்று ஒருவர் கேட்டார். ‘நீ யார், படம் உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம்’ என்று இன்னொருவர். ஒரு நாள் ஒருகொடவத்தைப் பக்கம் அலுவலாகப் போனபோது, பிளாஸ்டிக் சாமான் விற்கும் கடையொன்றின் முன்னால் ஆளுயரத்துக்குப் பதாகை தொங்கியது. நீலப் பேசினுக்குள் யதுஷாவும் மிதுராவும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கடையின் தொலைபேசி எண். சிவபாலன் தெருவின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே போய், உடைந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னார். கடைக்காரர் நம்பாமல் பார்த்தார். சிவபாலன் பொலிஸ்காரியின் இலக்கத்தைக் கொடுத்துப் பேசச் செய்தார். பேசி முடித்த கடைக்காரர் போனைக் கீழே வைத்தார். தானே ஏணி வைத்து ஏறிப் பதாகையை அவிழ்த்து, சுருட்டி, அவருடைய கையில் கொடுத்தார். அதை அங்கே போடவும் மனமில்லாமல், பஸ்ஸில் மற்றவர்கள் முறைக்க முறைக்க, அந்தப் பெரிய சுருளை மார்போடு அணைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தார். கனகேஸ்வரி கத்தரிக்கோலால் அதைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார். முகங்களை வெட்டும்போது இருவரும் வேறுபக்கம் பார்த்தார்கள்.

யதுஷாவும் மிதுராவும் கொட்டாஞ்சேனையை விட்டுப் போய்விட்டார்கள். எங்கே என்று பாயிஸுக்குத் தெரிந்திருக்கலாம். சிவபாலன் கேட்கவில்லை, தனக்குத் தெரியக்கூடாது என்றுதான் நினைத்தார்.

வழக்கு அடுத்த வருடம் விசாரணைக்கு வந்தது. ஜனா பிணையில் வெளியே இருந்தான். அழைப்பாணை கிடைத்ததிலிருந்து சிவபாலனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறி, நீரிழிவுக்காரர் என்பதால் உட்கார அனுமதி கேட்டு, எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டினார். எதிரியின் சட்டத்தரணி எழுந்தார். நீங்களாகவே முகவரி கொடுத்தீர்கள், நீங்களாகவே நேரத்தைச் சொன்னீர்கள், பிறகு படம் எடுக்கக் காத்துக்கொண்டும் நின்றீர்கள், அப்படியானால் இது நீங்களும் சேர்ந்து ஏற்பாடு செய்த காரியம்தானே என்று கேட்டார். நீதிமன்றம் முழுவதும் அவரைத் திரும்பிப் பார்த்தது. வாழ்நாள் முழுக்கத் தவிர்த்துவந்த பார்வை அது.

"ஏற்பாடு செய்யேல்லை. ஆனா மற்றதெல்லாம் உண்மை" என்றார். "நான் சொல்லாட்டி அவர் வந்திருக்கமாட்டார். அவரைத் தண்டிக்காமல் விடுறதுக்கு அதை ஒரு சாட்டாக எடுக்கவேண்டாம் எண்டு கேக்கிறன். அடிச்சது அவர்."

அவரே கடைசிச் சாட்சி. அன்று பின்னேரமே ஜனாவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. எல்லோரும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பொலிஸார் கூட்டிக்கொண்டு போகும்போதும் சிவபாலனைப் பார்த்து அதே மரியாதையோடு தலையசைத்துவிட்டுப் போனான்.

வெளியே விறாந்தையில் யதுஷா நின்றாள். அவளோடு ஒரு பெண் சட்டத்தரணியும் நின்றார். நெற்றியில் தழும்பு முடிக்குள் ஏறிப்போயிருந்தது. இடது கையை முழுதாக உயர்த்த முடியாது என்று வழக்கில் சொல்லியிருந்தார்கள். சிவபாலன் அருகில் போகத் துணியாமல் தூரத்தில் நின்றார். அவளாகத்தான் வந்தாள்.

"கூண்டில பொய் சொல்லித் தப்புவீங்கள் எண்டு நினைச்சனான்."

"இல்லைப் பிள்ளை."

"உங்களில கோவமில்லை எண்டு நான் சொல்லமாட்டன், அங்கிள். இருக்கு. மிதுரா இப்பவும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாக் கட்டிலுக்குக் கீழ போயிடுறாள்."

அவர் தலைகுனிந்து நின்றார். மன்னிப்புக் கேட்பதற்கென்று மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் பேசத் தகுந்ததாகத் தெரியவில்லை.

"சாப்பிட்டனீங்களா?" என்று கேட்டாள். "முகம் வெளிறிப்போய்க் கிடக்கு. சீனி வருத்தம் எண்டு உள்ளுக்க சொன்னனீங்கள்."

கைப்பையைத் திறந்து பிஸ்கட் பக்கெட் ஒன்றை எடுத்து அவருடைய கையில் வைத்தாள். அவர் ஏதும் சொல்வதற்குள் சட்டத்தரணி கூப்பிட, படியிறங்கிப் போய்விட்டாள். எந்தப் பக்கம் போகிறாள் என்று தெரியாதிருப்பதற்காக சிவபாலன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பக்கெட்டைப் பிரித்தார். பிரித்த வேகத்தில் பாதி நிலத்தில் விழுந்தது. மிச்சத்தை நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்.